சீட் பெல்ட் இல்லாத பழைய அம்பாசடரில் சிறு குழந்தைகளை அழைத்துச் செல்லலாமா?

கேட்டவர் திருச்சியில் இருக்கிறார். தாத்தா வாங்கிய 1968ஆம் ஆண்டு மார்க் 2 அம்பாசடரை இரண்டு ஆண்டுகள் பாடுபட்டு ஓடும் நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறார். ஐந்து வயது மகளையும் பத்து மாத மகனையும் அதில் ஏற்றிக்கொண்டு கும்பகோணத்துக்கு அருகிலுள்ள குலதெய்வக் கோயிலுக்குப் போய், மகனுக்கு அங்கே முடியிறக்கிக் காது குத்த வேண்டும் என்பது குடும்பத்தின் ஆசை. வண்டியில் ஒரு சீட் பெல்ட்கூட இல்லை. கடையில் விற்கும் குழந்தை இருக்கையை வாங்கி வைத்தால் போதுமா என்பது அவருடைய கேள்வி. "எங்களை எல்லாம் அப்பா இதே வண்டியில் மடியில் வைத்துத்தானே கூட்டிப்போனார்" என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறார்.

பழைய வண்டிகளைப் பிரித்துக் கோப்பதே என் தொழில் என்பதால், முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகளை அழைத்துச் செல்லலாம். ஆனால் பின் இருக்கைக்குக் கீழே உள்ள தகட்டைத் திறந்து பார்த்து, இடுப்பையும் தோளையும் சேர்த்துப் பிடிக்கும் முறையான மூன்று முனை பெல்ட் பொருத்திய பிறகுதான். மகன் இந்தப் பயணத்தில் அந்த வண்டியில் வர வேண்டாம். அவன் பெல்ட்டும் குழந்தை இருக்கையும் உள்ள வேறொரு வண்டியில் பின்னால் வரட்டும். குழந்தை இருக்கையை வாங்குவது இந்த வேலையில் கடைசிப் படி. பெல்ட் இல்லாத வண்டியில் அதை வைப்பதும் வாங்காமலே இருப்பதும் ஏறத்தாழ ஒன்றுதான், ஏனென்றால் மோதும்போது குழந்தையோடு சேர்ந்து அந்த இருக்கையும் பறக்கும்.

மடியில் வைத்துக்கொள்வதைப் பற்றி உங்கள் தந்தையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அன்றைக்கு எல்லாருமே அப்படித்தான் போனோம். ஆனால் கணக்கு வேறு மாதிரி பேசுகிறது. மணிக்கு 50 கி.மீ. வேகம் என்பது ஏறத்தாழ பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து, விழுந்து தரையைத் தொடும் வேகம். அந்த வேகத்தில் ஒரு வண்டி எதிலாவது மோதி, முன்பக்கம் அரை மீட்டர் நசுங்கி நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், உள்ளே இருக்கும் எல்லாவற்றின் மீதும் அதனதன் எடையைப்போல் சராசரியாக இருபது மடங்கு விசை பாய்கிறது. உங்கள் மகன் ஒன்பது கிலோ இருப்பான் என்றால், அந்த நொடியில் 180 கிலோ மூட்டையை இரண்டு கைகளால் தடுத்து நிறுத்த வேண்டும். அம்மாவின் பாசத்துக்கு எல்லை இல்லாமல் இருக்கலாம், முழங்கைக்கு இருக்கிறது. அதோடு, பெல்ட் அணியாத அம்மாவே முன்னால் வீசப்படுவார். அவருக்கும் முன் இருக்கைக்கும் நடுவில் குழந்தை நசுங்கும்.

இதை வாயால் சொன்னால் வாடிக்கையாளர்கள் நம்புவதில்லை என்பதால், ஒருமுறை ஒரு மைதானத்தில் அம்பாசடரின் பின் இருக்கையில் பத்து கிலோ அரிசி மூட்டையை உட்கார்த்தி வைத்து, மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வந்து பிரேக்கை முழுதாக மிதித்துக் காட்டினேன். அது மோதல்கூட இல்லை, வெறும் பிரேக். ரெக்சின் உறையில் வழுக்கிய மூட்டை, முன் இருக்கையின் முதுகில் ஒரு அடி அடித்துவிட்டுக் கால் வைக்கும் இடத்தில் தலைகீழாகக் கிடந்தது. வண்டியின் சொந்தக்காரர் ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் பெல்ட் வேலைக்கு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

அடுத்து, "அந்தக் காலத்து இரும்பு, டாங்கி மாதிரி" என்ற பேச்சு. அம்பாசடரின் மூல வடிவம் 1956இல் இங்கிலாந்தில் வந்த மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை. மோதலின்போது முன்பகுதியும் பின்பகுதியும் திட்டமிட்டபடி நசுங்கி வேகத்தை வாங்கிக்கொள்ள வேண்டும், ஆட்கள் இருக்கும் அறை மட்டும் நசுங்கக் கூடாது என்ற எண்ணத்தை பேலா பாரெனி என்ற பொறியாளர் மெர்சிடிஸ் நிறுவனத்தில் உருவாக்கி, அது முழுமையாக ஒரு வண்டியில் இடம்பெற்றது 1959இல். மூன்று முனை சீட் பெல்ட்டை நில்ஸ் போலின் வால்வோ வண்டிகளுக்காகக் கொண்டுவந்ததும் அதே 1959இல்தான். உங்கள் வண்டியின் எலும்புக்கூடு இந்த இரண்டுக்கும் முந்தையது. தகடு கெட்டியாக இருப்பது கதவில் கீறல் விழாமல் இருக்க உதவும். ஆனால் வண்டி எவ்வளவு குறைவாக நசுங்குகிறதோ, அவ்வளவு அதிகமாக உள்ளே இருப்பவர் அடி வாங்குகிறார். டேஷ்போர்டு வெறும் இரும்பு. ஸ்டியரிங் தண்டு மோதலில் மடங்குவதில்லை. இருக்கைகளில் தலை சாய்க்கும் பட்டை இல்லை. இந்த உண்மைகளை ஏற்றுக்கொண்டு, எதைச் சரிசெய்ய முடியும், எதை முடியாது என்று பிரித்துப் பார்ப்பதுதான் வேலை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். நம் நாட்டில் முன் இருக்கைகளுக்குப் பெல்ட் பொருத்தித்தான் வண்டி விற்க வேண்டும் என்ற விதி 1994இலும், பின் இருக்கைகளுக்கு 2002இலும் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் தயாரான வண்டியில் பெல்ட் இல்லாதது தயாரிப்பாளரின் குற்றமாகாது. ஆனால் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 194பி பிரிவு, பதினான்கு வயது நிறையாத குழந்தையைப் பெல்ட்டாலோ குழந்தைக்கான பாதுகாப்பு இருக்கையாலோ பிணைக்காமல் வண்டி ஓட்டினால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்கிறது. பழைய வண்டிக்கு என்று அந்தப் பிரிவில் தனி விலக்கு எழுதப்படவில்லை. நடைமுறையில் பழைய அம்பாசடரைப் பார்த்தால் போக்குவரத்துக் காவலர் சிரித்துக்கொண்டே கையசைத்து அனுப்பிவிடுவார் என்பது எனக்கும் தெரியும். அது வேறு விஷயம்.

பழைய வண்டிகளைக் கொண்டாடும் நாடுகள் இதை எப்படிக் கையாள்கின்றன என்று பார்ப்பது பயனுள்ளது. பிரிட்டனில், தயாரிப்பிலேயே பெல்ட் இல்லாமல் வந்த வண்டியில் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையை ஏற்றவே கூடாது. மூன்று வயதைக் கடந்த குழந்தை பின் இருக்கையில் மட்டும் உட்காரலாம். ஜெர்மனியின் விதியும் இதேதான். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஐம்பது வயது வண்டிகளை ஓட்டி மகிழும் ஊர்களில், மூன்று வயது என்ற அந்தக் கோட்டை யாரும் கடுமை என்று சொல்வதில்லை. உங்கள் மகனைப் பற்றி நான் முதலில் சொன்னதற்கு இந்தக் கோடும் ஒரு காரணம். ஆனால் அந்த விதி மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தை பெல்ட் இல்லாமல் பின்னால் உட்காருவதை அனுமதிப்பதோடு நிற்கிறது. அதைப் பாதுகாப்பு என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். மகளுக்கும் பெல்ட் வேண்டும்.

ஆகவே பின் இருக்கைக்கு வருவோம். சொல்வதற்கு அதிகம் இருப்பது இங்கேதான். பெல்ட்டின் வலிமை நாடாவில் இல்லை, அதைப் பிடித்திருக்கும் போல்ட்டின் கீழே உள்ள தகட்டில் இருக்கிறது. வண்டி தயாரிப்பாளர்கள் பின்பற்றும் பன்னாட்டு விதிப்படி, ஒரு மூன்று முனை பெல்ட்டின் மேல் பகுதியும் கீழ்ப் பகுதியும் ஒரே நேரத்தில் தலா 1,350 கிலோ அளவுக்கு இழுக்கப்பட்டாலும் அந்த இடங்கள் பிய்ந்து வரக் கூடாது. ஒரு சிறிய காரின் எடையையே தூக்குவதற்கு நிகரான விசை அது. ஐம்பது ஆண்டு மழை பார்த்த தகட்டில் வெறும் துளை போட்டு, சிறு வாஷர் வைத்து முடுக்கினால் அது தாங்காது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வண்டி என்னிடம் வந்தது. வேறொரு பட்டறையில் ஏற்கெனவே பின் பெல்ட் போட்டாகிவிட்டது, பிரேக் மட்டும் பார்த்தால் போதும் என்றார் வாங்கியவர். பழக்கதோஷத்தால் பின் இருக்கையைத் தூக்கினேன். மெத்தையின் கீழே தேங்காய் நார்த் தூள், அதன் கீழே ஊறிப்போன சணல் விரிப்பு, அதன் கீழே தார்த் தாள். தார்த் தாளைச் சுரண்டி, திருப்புளியின் பிடியால் தட்டிக்கொண்டே வந்தேன். நல்ல தகடு "டங்" என்று சொல்லும். பட்டி பூசி மறைத்த துரு "பொத்" என்று சொல்லும். வலது பக்க போல்ட்டைச் சுற்றி ஒரு சாண் அளவுக்குப் பொத்தென்றே சொல்லியது. இரண்டு விரலால் பிடித்து ஆட்டியபோது, போல்ட், வாஷர், தகட்டின் ஒரு துண்டு எல்லாம் சேர்ந்து ஒரு பல் விழுவதுபோல் கையோடு வந்தது. மேல் முனையை, பின் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் மெல்லிய தட்டில் இரண்டு திருகாணிகளால் பிடித்திருந்தார்கள். அந்தப் பெல்ட்டை நம்பி ஒரு குடும்பம் ஓராண்டு பயணம் செய்திருக்கிறது.

எனவே நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, பின் இருக்கையின் அடி மெத்தையையும் முதுகையும் கழற்றி, விரிப்புகளை எல்லாம் எடுத்து, வெறும் தகட்டைப் பார்ப்பது. துரு இருந்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். மேலே தகடு போட்டு மூடுவது கூடாது. கீழ் முனைகளுக்குச் சரியான இடம், தரை மேடேறிப் பின் இருக்கைக்கு அடியாக மடியும் மூலைப் பகுதி. தகடு மடியும் இடத்தில் அதற்கு இயல்பாகவே வலு அதிகம். மேல் முனை, கூரையைத் தாங்கும் பின்தூணில், உட்காருபவரின் தோளுக்கு மேலே வர வேண்டும். தோளுக்குக் கீழே வந்தால், மோதும்போது பெல்ட் தோளைக் கீழ்நோக்கி அழுத்தி முதுகெலும்பை நசுக்கும். ஒவ்வொரு முனையிலும் தகட்டின் மறுபக்கத்தில் குறைந்தது 3 மி.மீ. கனமும் உள்ளங்கை அகலமும் உள்ள எஃகுத் தகட்டை, மூலைகளை உருட்டி, பற்றவைத்துப் பொருத்த வேண்டும். அதில் சீட் பெல்ட்டுக்கே உரிய 7/16 அங்குல நுண்மரை போல்ட்டுகளைத்தான் முடுக்க வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண போல்ட்டைத் துளைக்குப் பொருந்துகிறது என்பதற்காகப் போடாதீர்கள். பெட்ரோல் டாங்கி டிக்கிக்குக் கீழேதான் இருக்கிறது என்பதை வெல்டர் மறந்தாலும் நீங்கள் மறக்கக் கூடாது. டாங்கியைக் கழற்றி வெளியே வைத்த பிறகே பற்றவைக்க வேண்டும். காலி டாங்கி நிறைந்த டாங்கியைவிட ஆபத்தானது, உள்ளே இருப்பது ஆவி.

இடத்தைத் தேர்வதில் அம்பாசடர்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. உத்தரபாராவில் 2014 வரை தயாரான வண்டியின் கூடு, உங்கள் மார்க் 2 வண்டியின் கூட்டிலிருந்து பெரிதாக மாறவில்லை. 2002க்குப் பிறகு வந்த வண்டிகள் பின் பெல்ட்டோடுதான் வந்தாக வேண்டும். ஆகவே அப்படி ஒரு வண்டி, பழைய டாக்சியாக இருந்தாலும் சரி, கிடைத்தால் அதன் பின் இருக்கையைத் தூக்கி, தயாரிப்பாளரே போல்ட்டை எங்கே வைத்திருக்கிறார் என்று அளந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊகத்தைவிட அது மேல். மற்றப் பழைய கார்களான பத்மினிக்கோ ஹெரால்டுக்கோ இந்தக் கொடுப்பினை இல்லை.

பெல்ட்டைப் புதிதாகவே வாங்குங்கள். சென்னைப் புதுப்பேட்டையிலும் ஒவ்வொரு ஊர்க் காயலான் கடையிலும் நல்ல தோற்றமுள்ள பெல்ட்டுகள் மலிவாகக் கிடைக்கும். அவை பெரும்பாலும் விபத்தில் சிக்கிய வண்டிகளிலிருந்து வந்தவை. ஒருமுறை முழு விசையை வாங்கிய நாடா நீண்டுபோயிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. தானாகச் சுருண்டு, திடீர் இழுப்பில் பூட்டிக்கொள்ளும் வகை வசதியானது. ஆனால் அதன் உருளை அதற்குரிய கோணத்தில் பொருத்தப்பட்டால்தான் பூட்டும். கோணம் தவறினால் எப்போதும் பூட்டியே நிற்கும், அல்லது பூட்டவே பூட்டாது. இடம் ஒத்துவராவிட்டால் கையால் நீளம் சரிசெய்யும் பழைய வகை மூன்று முனை பெல்ட் போதும். குழந்தையை இறுக்கமாகக் கட்டுவதற்கு அது ஒன்றும் மட்டமில்லை. நடு இடத்தில் இடுப்புப் பட்டை மட்டும் போட்டு அதில் குழந்தையை உட்கார்த்தும் யோசனை வேண்டாம். இடுப்பில் மட்டும் கட்டிய குழந்தையின் மேலுடல் கத்தி மடங்குவதுபோல் மடங்கி, தலை முழங்காலிலோ முன் இருக்கையிலோ இடிக்கும். பட்டை வயிற்றுக்குள் ஏறும்.

இனி மகளின் இருக்கை. பெரியவர்களின் பெல்ட் பெரியவர்களின் எலும்புக்காகச் செய்தது. இடுப்பெலும்பின் முன் முனை நன்றாக வளராத வயதில், பெல்ட் அதில் நிற்காமல் வழுக்கி வயிற்றுக்கு மேலே ஏறிவிடுகிறது. தோள் பட்டை கழுத்தில் உராய்கிறது, குழந்தை அதைக் கைக்கு அடியில் தள்ளிவிடுகிறது. ஐந்து வயதில் பதினேழு, பதினெட்டு கிலோ இருக்கும் குழந்தையை உயர்த்தி உட்காரவைத்து, பெல்ட்டைத் தொடை மேலும் தோளின் நடுவிலும் படியச் செய்யும் முதுகுள்ள பூஸ்டர் இருக்கைதான் அவளுக்கு வேண்டியது. முதுகில்லாத வெறும் மணைபோன்ற பூஸ்டர் மலிவு. ஆனால் அம்பாசடரின் பின் இருக்கை முதுகு தாழ்வானது, தலைக்குத் தாங்கல் இல்லை. எனவே முதுகும் பக்கக் காதுகளும் உள்ளதையே வாங்குங்கள். இருக்கையில் இந்தியாவின் ஏஐஎஸ்-072 தரக்குறியோ, வட்டத்துக்குள் ஆங்கில E எழுத்துள்ள ஐரோப்பிய ஒப்புதல் ஒட்டியோ இருக்கிறதா என்று பாருங்கள். ஐசோஃபிக்ஸ் கொக்கியால் மட்டும் பூட்டக்கூடிய இருக்கை உங்களுக்கு உதவாது; அந்தக் கொக்கிக்கான வளையம் இந்த வண்டியில் இல்லை. சீட் பெல்ட்டால் கட்டக்கூடியது என்று எழுதியிருக்க வேண்டும். கடைக்காரர் இசைந்தால், பணம் கொடுக்கும் முன் இருக்கையை வண்டியில் வைத்துக் கட்டிப் பாருங்கள்.

அப்படிக் கட்டிப் பார்க்கும்போது பழைய வண்டிக்கே உரிய ஒரு சிக்கல் தெரியும். சுருள்வில்லும் தேங்காய் நாரும் அடைத்த சோபா மெத்தையில், குழந்தை இருக்கை ஒரு பக்கம் அமிழ்ந்து சாய்கிறது; வண்டி குலுங்கக் குலுங்க மெத்தை அமுங்கி, இறுக்கிய பெல்ட் தளர்கிறது. அடியில் தலையணை செருகாதீர்கள். மெத்தையைப் பிரித்து, வில்லைச் சரிசெய்து, கெட்டியான நுரையை அடைத்துத் தைத்துத் தரும்படி இருக்கைத் தையல்காரரிடம் கொடுங்கள். அதோடு, இந்த வண்டிகளில் அடி மெத்தை பெரும்பாலும் சும்மா வைக்கப்பட்டிருப்பதுதான், முதுகு இரண்டு கொக்கிகளில் தொங்குவதுதான். கையால் தூக்கினால் வந்துவிடும் மெத்தை மோதலில் குழந்தையோடு முன்னால் வரும் என்பதால் அவற்றையும் திருகாணிகளால் பிணைத்துவிடுங்கள். முதுகுக்குப் பின்னால் டிக்கியில் கிடக்கும் ஜாக்கியையும் ஸ்டெப்னியையும் கயிற்றால் கட்டுங்கள்.

மகனை ஏன் கூடாது என்கிறேன், பெல்ட் போட்ட பிறகும்கூட? பத்து மாதக் குழந்தை பின்னோக்கிய இருக்கையில்தான் உட்கார வேண்டும். பிறந்த குழந்தையின் தலை உடல் நீளத்தில் கால் பங்கு. பெரியவர்களுக்கு அது எட்டில் ஒரு பங்குக்கு அருகில். முதல் வயதிலும் தலை பெரிது, கழுத்தெலும்புகள் பாதி குருத்தெலும்பு. முன்னோக்கி உட்கார்ந்து மோதினால் உடல் பெல்ட்டில் நிற்க, தலை மட்டும் வீசப்பட்டுக் கழுத்தை இழுக்கிறது. பின்னோக்கி உட்கார்ந்தால் முதுகு முழுவதும் அந்த விசையைப் பகிர்ந்துகொள்கிறது. விண்வெளி வீரர்கள் மல்லாந்து படுத்துப் புறப்படுவதைப் பார்த்துத்தான் சுவீடனின் பெர்டில் ஆல்ட்மன் 1964இல் முதல் பின்னோக்கிய இருக்கையைச் செய்து பார்த்தார். பாதுகாப்பு இருக்கைகள் கைக்குழந்தைகளின் சாவை 71 விழுக்காடும், ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளின் சாவை 54 விழுக்காடும் குறைக்கின்றன என்பது அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனத்தின் கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு இருக்கை சரியாகக் கட்டப்பட்டிருக்கும்போது. பின்னோக்கிய இருக்கையைச் சுற்றிக் கட்ட நீளமான பெல்ட் வேண்டும், சாய்வு ஏறத்தாழ 45 பாகை இருக்க வேண்டும், அடித்தளம் அசையக் கூடாது. நாம் பட்டறையில் போட்ட பெல்ட்டை யாரும் இழுத்துச் சோதிக்கவில்லை. ஐந்து வயதுக் குழந்தைக்கு ஏற்கக்கூடிய அந்தச் சந்தேகத்தை, கழுத்து நிற்கத் தொடங்கி ஆறேழு மாதமே ஆன குழந்தைக்கு ஏற்க நான் தயாராக இல்லை. உங்கள் உறவினரின் புதிய கார் ஒன்று எப்படியும் உடன் வரத்தானே போகிறது.

பெல்ட்டைத் தவிர வேறு சில இடங்களையும் பார்க்க வேண்டும். பின் கதவுகளில் குழந்தைப் பூட்டு கிடையாது. தேய்ந்த பூட்டுநாக்கு ஒரு பள்ளத்தில் இறங்கும்போதே விடுபடும். பூட்டையும் தூணில் உள்ள கொண்டியையும் மாற்றிவிடுங்கள். உள் கைப்பிடியைக் கழற்றி வைத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர் எப்படி வெளியே வருவது? இதே கேள்வியோடு வேறு வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல்: வண்டலூரில் தயாரான இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டில், பின்னால் ஏறுவதற்காக முன் இருக்கை முழுதாக முன்னால் கவிழும், அதைப் பிடித்து நிறுத்தும் பூட்டு இல்லையென்றால், பின்னால் இருக்கும் குழந்தைக்கு எதிரே இருப்பது நிற்காத ஒரு சுவர். ஐம்பதுகளின் ஃபியட் 1100இல் முன் கதவு பின்பக்கக் கீலில் திறக்கும். ஓடும்போது நாக்கு விட்டால் காற்றே அதை அகலத் திறந்துவிடும்.

புகையும் பெட்ரோலும் பலர் நினைக்காத ஆபத்துகள். சைலன்சர் குழாயில் ஒரு கசிவும் தரையில் ஒரு துருத் துளையும் போதும், கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு வாசனை கிடையாது. சின்னக் குழந்தை வேகமாக மூச்சுவிடுவதால் முதலில் துவண்டு தூங்குவது அதுதான், நாம் பயணக் களைப்பு என்று நினைத்துக்கொள்வோம். டிக்கி மூடியின் ரப்பரையும், டிக்கியிலிருந்து உள்ளே வரும் துளைகளின் ரப்பர் மூடிகளையும் மாற்றுங்கள். பெட்ரோல் பக்கம் வந்தால், இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. 1968ஆம் ஆண்டு ரப்பர் குழாயும் பெட்ரோல் பம்பின் உள் சவ்வும் எத்தனாலைப் பார்த்ததே இல்லை. ஊறி, மிருதுவாகி, சூடான இன்ஜின் மேல் சொட்டத் தொடங்கும். எத்தனால் தாங்கும் குழாய்களை டாங்கியிலிருந்து கார்புரேட்டர் வரை முழுதாக மாற்றாமல் குழந்தையை ஏற்றாதீர்கள். ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் இரண்டு கிலோ தீயணைப்புக் குடுவை ஒன்று, இறுக்கமான பிடியில் இருக்கட்டும்.

பிரேக் பற்றிச் சுருக்கமாக: நான்கு சக்கரத்திலும் டிரம், ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே சுற்று. ஒரு வீல் சிலிண்டர் ரப்பர் கிழிந்தால் நான்கும் போகும். எல்லா வீல் சிலிண்டர்களும், மாஸ்டர் சிலிண்டர், ரப்பர் குழாய்கள், பிரேக் ஆயில் அனைத்தும் புதிதாக இருக்க வேண்டும். கழற்றிய பழைய லைனர்களில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும். அந்தத் தூசியை ஊதிச் சுத்தம் செய்யும்போது மகள் பட்டறையில் வேடிக்கை பார்க்க வேண்டாம். டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பட்டன் தேயாமலே கெட்டுப்போவது, எப்போதாவது ஓடும் வண்டியின் டயர்தான்.

பதிவு பற்றி ஒன்று. ஐம்பது ஆண்டைக் கடந்த வண்டியைப் பாரம்பரிய வண்டியாகப் பதிவு செய்ய 2021இல் விதி வந்தது. "விஏ" எழுத்துள்ள தனி எண் தருவார்கள். அப்படிப் பதிந்தால் கண்காட்சி, பழைய வண்டி அணிவகுப்பு, ஆராய்ச்சி, எரிபொருள் நிரப்புதல், பழுதுபார்த்தல் ஆகியவற்றுக்குத்தான் சாலையில் இறக்கலாம். கோயில் பயணம் அதில் அடங்காது. அந்தப் பதிவு கூட்டில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கே கிடைக்கும் என்பதால், பின்னாளில் அதற்குப் போகும் எண்ணம் இருந்தால், பெல்ட் தகடு பற்றவைக்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பயண நாளில் விடியலில் புறப்படுங்கள். வெயில் ஏறிவிட்டால் ரெக்சினும் பூஸ்டரின் உலோகப் பகுதிகளும் குழந்தையின் தொடையைச் சுட்டுவிடும். நிறுத்தும்போது இருக்கையின் மேல் ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டுவிட்டுப் போகலாம், குழந்தையை மட்டும் ஐந்து நிமிடத்துக்குக்கூட உள்ளே விட்டுப் போகக் கூடாது. தஞ்சாவூர் வழியாகப் போகும் நான்குவழிச் சாலையில் மற்றவர்கள் 100 கி.மீ. வேகத்தில் போவார்கள், நீங்கள் 60ஐத் தாண்டாமல் இடது ஓரமாக, முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் நடுவே இரண்டு பேருந்துகள் நுழையும் இடைவெளி விட்டுப் போங்கள். பின்னால் வரும் உறவினரின் கார் உங்களுக்கும் லாரிகளுக்கும் நடுவே வரட்டும். ஐம்பது ஆண்டுப் பழைய பின்விளக்கு பகலில் கண்ணுக்குப் படுவதே இல்லை. மகள் முன் இருக்கைக்கு வர வேண்டும் என்று அடம் பிடிப்பாள். அது ஒரே நீண்ட இருக்கை, எதிரே இரும்பு டேஷ்போர்டு. வண்டி நின்றிருக்கும்போது உட்காரவைத்து எத்தனை படம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். மொட்டைத் தலையோடு மகனையும் அங்கேயே உட்காரவைக்கலாம்.

வீடு திரும்பிய மறுநாள் பின் மெத்தையை மறுபடி தூக்கி, ஒவ்வொரு போல்ட்டின் தலையைச் சுற்றியும் டார்ச் அடித்துப் பாருங்கள். பெயிண்டில் மயிரிழை அளவுக்கு வட்டமாக விரிசல் தெரிந்தால் தகடு அசைந்திருக்கிறது. அதை மீண்டும் பற்றவைத்துச் சரிசெய்யும் வரை பின் இருக்கையில் யாரும் வேண்டாம்.